எம்.எல்.ஏ.விடம் கணக்கு கேட்பது எப்படி? நம் டெல்டா ஊர்களுக்காக

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசியில், எங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்து வாசலில் குறுவை நெல்லைக் கொட்டிவிட்டுப் பதினோரு நாள் காத்திருந்தோம். சாக்கு இல்லை என்றார்கள், அப்புறம் லாரி வரவில்லை என்றார்கள், அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை விலக்கிப் பார்த்தால் அம்பாரத்தின் அடிப்பக்கம் முளைவிட்டு வேரெல்லாம் பின்னிக் கிடந்தது. கையால் இழுத்தபோது நெல்லாக வரவில்லை, பாய் மாதிரி பெயர்ந்து வந்தது. மறுநாள் காலையில் ஒரு அறுபது பேர் மெயின் ரோட்டில் உட்கார்ந்தோம். பதினொரு மணிக்கு எம்.எல்.ஏ. வந்தார். முளைத்த நெல்லைக் கையில் வாங்கிப் பார்த்தார். "அடுத்த போகத்துக்குள்ள கூரையோட களம் கட்டித் தர்றேன், இது என் பொறுப்பு" என்றார். கை தட்டினோம், கலைந்து போனோம். அடுத்த ஐப்பசியிலும் அதே திறந்தவெளி, அதே தார்ப்பாய்.

அவர் செய்யவில்லை என்பதைவிட எனக்கு அதிகம் உறுத்தியது வேறொன்று. அன்றைக்கு அவர் சரியாக என்ன சொன்னார் என்று அறுபது பேரில் ஒருவரிடமும் எழுத்தில் இல்லை. ஒருத்தர் களம் என்றார், ஒருத்தர் குடோன் என்றார், இன்னொருத்தர் "பார்க்கிறேன்னுதானே சொன்னாரு" என்றார். நாம் மறியலுக்கு ஒரு நாள், ஓட்டுக்கு ஒரு நாள் என்று இரண்டு நாள் கோபப்படுகிறோம். நடுவில் இருக்கிற ஐந்து வருடம் முழுவதும் அவர்களுடையதாகப் போய்விடுகிறது. அந்த ஐந்து வருடத்தை நம் கையில் எடுத்துக்கொள்வது எப்படி என்று நாங்கள் செய்து பார்த்துக் கற்றதை எழுதுகிறேன். இதற்குக் கட்சி தேவையில்லை, பெரிய தலைவர் தேவையில்லை. விடாமல் செய்கிற ஏழெட்டுப் பேர் இருந்தால் போதும்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

192 பக்க கோடு போட்ட நோட்டு. இடது பக்கம் சொன்னது, வலது பக்கம் நடந்தது. சொன்ன தேதி, இடம், யார் யார் கூட இருந்தார்கள், என்ன வார்த்தையில் சொன்னார், எல்லாம் இடது பக்கத்தில் வரவேண்டும். கல்யாண வீட்டில் சொன்னாலும் சரி, கும்பாபிஷேகத்தில் சொன்னாலும் சரி, அன்றைக்கு ராத்திரியே எழுதிவிடுங்கள். செல்போனில் வீடியோ எடுப்பது நல்லதுதான், ஆனால் போன் மாறும், மெமரி நிறையும், யாரிடம் அந்த வீடியோ இருந்தது என்பதே மறந்துபோகும். நோட்டு ஒருவர் வீட்டில் இருக்கட்டும், மாதம் ஒருமுறை ஜெராக்ஸ் எடுத்து இன்னொருவர் வீட்டில் வையுங்கள். தேர்தல் அறிக்கையில் டெல்டாவுக்கென்று கட்சி சொன்ன வரிகளையும் அதில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் உங்கள் தெருவில் சொன்னதைத் தனியாக எழுதுங்கள், ஏனென்றால் கட்சி சொன்னதும் ஆள் சொன்னதும் இரண்டு வெவ்வேறு கணக்கு.

யாருடைய வேலை என்று பிரித்துக்கொள்வது

இங்கேதான் பெரும்பாலான ஊர்கள் தோற்கின்றன. எம்.எல்.ஏ.விடம் போய் மேட்டூர்த் தண்ணீரைக் கேட்டால், "அது ஆணையம், சுப்ரீம் கோர்ட், கர்நாடகா" என்று அவர் சுலபமாகத் தப்பித்துவிடுவார், அதில் பாதி உண்மையும் இருக்கும். காவிரியில் கர்நாடகா தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. விடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொன்னது, அதைப் பங்கிட்டுக் கொடுப்பது காவிரி மேலாண்மை ஆணையம். ஆனால் மேட்டூரில் திறந்த தண்ணீர் உங்கள் மடை வரைக்கும் வருகிறதா என்பது முழுக்க முழுக்க மாநிலத்தின் வேலை. மேட்டூர் திறக்கிற வழக்கமான நாளான ஜூன் 12-க்கு முன்னால் வாய்க்கால் தூர்வாரினார்களா, மதகுப் பலகை இருக்கிறதா, ஷட்டர் ஏறி இறங்குகிறதா, கடைமடைக்கு முறை வைத்து விடுகிறார்களா, இதெல்லாம் எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் எழுந்து கேட்கவேண்டிய கேள்விகள்.

நெல் விஷயமும் அப்படித்தான். 17 சதவீத ஈரப்பதம் என்ற வரம்பு மத்திய அரசு வைப்பது, மழைக்காலத்தில் அதை 22 ஆக்கு என்று கேட்பது எம்.பி.யிடமும் மாநில அரசு வழியாக டெல்லியிடமும். ஆனால் எத்தனை நிலையம் திறக்கவேண்டும், சாக்கு எங்கே, லாரி எங்கே, கூரை எங்கே, மூட்டைக்கு இவ்வளவு என்று கைநீட்டுகிறார்களே அதை யார் தடுப்பது, இவையெல்லாம் மாநிலம். குத்தகைக்காரருக்கு அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்ற வருவாய்த்துறைச் சான்று) கொடுக்க மறுப்பதும் மாநிலம்தான். அதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஊர்க் கூட்டத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் பேசுவதே அதிகம், குத்தகைக்கு உழுகிறவர் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

"அது மத்திய அரசு" என்று சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். டெல்டா நிலத்தில் மீத்தேன், ஹைட்ரோகார்பன் எடுக்கும் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் முதலில் அந்தப் பதிலைத்தான் சொன்னார்கள். நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் 2017-இல் ஜனங்கள் உட்கார்ந்தார்கள், அதற்கு முன்னால் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், டெல்டா கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். கடைசியில் 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றியது இதே மாநிலச் சட்டமன்றம்தான். 2023-இல் நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று மூன்று பகுதிகள் வந்தபோது, ஏப்ரல் 5 அன்று எல்லாக் கட்சி எம்.எல்.ஏ.க்களும் பேரவையில் எழுந்து எதிர்த்தார்கள், ஏப்ரல் 8 அன்று அந்த மூன்றையும் விலக்குவதாக டெல்லியில் அறிவித்தார்கள். மனது வைத்தால் அவர்களால் முடியும்.

பழைய கதையும் அதையே சொல்கிறது. தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் தானாக வரவில்லை, செங்கொடி பிடித்த பண்ணையாட்கள் அடியும் சிறையும் பட்ட பிறகு வந்தது. வெண்மணியில் 1968-இல் 44 உயிர் போன பிறகுதான் 1969-இல் கீழத்தஞ்சைக்கு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அவ்வளவு விலை கொடுத்துப் பழகிய மண் இது. ஒரு கூரைக்கும் ஒரு மதகுக்கும் நாம் தயங்கவேண்டியதே இல்லை.

ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கை

மனுவில் பதினெட்டுக் கோரிக்கை எழுதாதீர்கள். சுடுகாட்டுப் பாதை, பஸ், தெருவிளக்கு, மதகு, ரேஷன் கடை என்று எல்லாவற்றையும் எழுதினால் அதில் மிகச் சுலபமான தெருவிளக்கைப் போட்டுவிட்டு "மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று முடித்துவிடுவார்கள். ஒன்று. அதுவும் அளந்து சொல்லக்கூடியது. "வாய்க்காலைத் தூர்வார வேண்டும்" என்று எழுதினால் கணக்கு கேட்க முடியாது. "தலைப்பு மதகிலிருந்து காளியம்மன் கோயில் பாலம் வரை 2 கிலோமீட்டர், மே 31-க்குள்" என்று எழுதினால் ஜூன் 1 காலையில் நடந்துபோய்ப் பார்த்துவிடலாம்.

அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு தெருவும் உட்காரவேண்டும். நம் ஊர்களில் குடியானத் தெரு ஒரு மனு கொடுக்கும், காலனித் தெரு இன்னொரு மனு கொடுக்கும், இரண்டு பேருக்கும் தனித்தனியாக "ஆகட்டும்" சொல்லி அனுப்புவது அரசியல்வாதிக்கு மிகவும் வசதி. எங்கள் ஊரில் முதல் கூட்டத்தை நாங்கள் கோயில் மண்டபத்தில் போட்டோம், பாதிப் பேர் வரவில்லை, ஏன் வரவில்லை என்பது எங்களுக்கு உறைக்க ஒரு மாதம் ஆனது. அடுத்த கூட்டத்தைப் பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் வைத்தோம். நடவு செட்டு அக்காக்கள் வந்தார்கள். கொள்முதல் நிலையத்துக் கூரை என்று முடிவானபோது, "நெல்லு நனைஞ்சா எங்களுக்குக் கூலி பாக்கி நிக்குது" என்று அவர்கள் சொன்ன காரணம்தான் மனுவில் முதல் வரியாகப் போனது.

மனுவை எங்கே கொடுப்பது? எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கொடுங்கள், நகலில் கையெழுத்தும் தேதியும் முத்திரையும் வாங்காமல் வராதீர்கள். "முத்திரை இல்லைங்க" என்றால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதே மனுவைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து எண் வாங்குங்கள். மாதாமாதம் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுந்து அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அங்கே எல்லாத் துறை அதிகாரிகளும் உட்கார்ந்திருப்பார்கள், பத்திரிகைக்காரர்களும் இருப்பார்கள்.

கிராம சபையை விடாதீர்கள். வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் இருக்கிற காலத்திலும் சபை உண்டு. கூட்ட நடவடிக்கைப் பதிவேட்டில் உங்கள் தீர்மானம் எழுதப்படுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும். முன்கூட்டியே வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு எழுதிக்கொள்ளும் பழக்கம் பல இடத்தில் இருக்கிறது, அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அந்தத் தீர்மானத்தின் நகல்தான் பிற்பாடு எல்லா இடத்திலும் உங்களுக்குத் துணை நிற்கும்.

பத்து ரூபாய் செலவு

எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அவர் பரிந்துரை எழுதிக் கொடுப்பார், மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை வழியாக வேலை நடக்கும். இதில் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போனது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வெள்ளைத் தாளில் தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1) என்று எழுதி, பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால், அல்லது சம்பந்தமில்லாமல் வந்தால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு, அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

"ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. காகிதத்தைக் கேளுங்கள். நாங்கள் கேட்டது இரண்டே வரி: இந்தக் கொள்முதல் நிலையத்துக்கு மேற்கூரையுடன் களம் அமைக்கச் சட்டமன்ற உறுப்பினரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் வந்துள்ளதா, வந்திருந்தால் நகல் தரவும். இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. "அவ்வாறான பரிந்துரை ஏதும் இவ்வலுவலகத்தில் பெறப்படவில்லை." அந்த ஒற்றை வரித் தாளை நோட்டின் வலது பக்கத்தில் ஒட்டினோம். எங்கள் ஊரில் எந்தப் பொதுக்கூட்டப் பேச்சும் அந்தத் தாள் செய்த வேலையைச் செய்ததில்லை.

தூர்வாரும் பணிக்கும் இதே வழி. மதிப்பீடு, நிர்வாக அனுமதி எண், எம்-புக் என்று சொல்கிற அளவீட்டுப் புத்தகத்தின் நகல், மூன்றையும் கேளுங்கள். நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும் மாதிரி எடுக்கவும்கூட இந்தச் சட்டத்தில் உரிமை இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. அப்புறம், 2022-இல் ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் தன் தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டுத் தரும்படி அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலின் கடிதம் எழுதினார். உங்கள் தொகுதிக்கு அந்தப் பத்து என்னென்ன, அதில் எத்தனை முடிந்தது என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊர் அதில் இருந்ததா என்பதும் தெரிந்துவிடும்.

எம்.எல்.ஏ.வின் உண்மையான வேலை சென்னையில் இருக்கிறது. கேள்வி கேட்பது, கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவருவது, மானியக் கோரிக்கையில் பேசுவது. பட்ஜெட்டுக்குப் பிறகு வேளாண்மை, நீர்வளம், உணவு என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு நாள் விவாதம் வரும். அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே, கேள்வியை நீங்களே எழுதி, ஒரு பக்கத்துக்கு மிகாமல், எண்ணிக்கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் எழுந்து கேட்டுவிட்டால் அமைச்சர் பதில் சொல்லியாகவேண்டும், "பரிசீலிக்கப்படும்", "செய்து தரப்படும்" என்று சொன்னால் அது உறுதிமொழியாகப் பதிவாகும், அதைத் தொடர்ந்து பார்க்கப் பேரவையில் உறுதிமொழிக் குழு என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வருகிறது என்று செய்தி வந்தால் உடனே பொதுப்பிரச்சினை மனுவை அனுப்புங்கள். சொந்தப் பட்டா தகராறை அதில் சேர்க்காதீர்கள், தள்ளிவிடுவார்கள்.

ரோட்டில் உட்காருவதற்கு முன்

மறியல் கடைசிப் படி. மனு, எண், தகவல் உரிமைப் பதில், கிராம சபைத் தீர்மானம் எல்லாம் கையில் இருந்தும் நகரவில்லை என்றால்தான் அதற்குப் போகவேண்டும், அப்போதுதான் ஊரும் உங்கள் பக்கம் நிற்கும். அதற்கு முன்னால் ஆர்ப்பாட்டம் இருக்கிறது, காத்திருப்புப் போராட்டம் இருக்கிறது.

போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து மூலமாக அனுமதி கேளுங்கள்: நாள், நேரம், இடம், எத்தனை பேர், மைக் உண்டா, யார் பொறுப்பு. மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். அது இருந்தால்தான் ஐகோர்ட்டுக்குப் போகமுடியும். தஞ்சாவூர், திருச்சி மாவட்டம் என்றால் மதுரைக் கிளை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்றால் சென்னை.

நீங்கள் மறியல் தேதியை அறிவித்தவுடன் தாசில்தார் அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார். தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள், இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமான இடம் இது. டீ, வடை கொடுத்து, "பண்ணிடலாம், மறியலை மட்டும் விட்டுடுங்க" என்பார்கள். விடுங்கள், தவறில்லை. ஆனால் என்ன பண்ணுவார்கள், எந்தத் தேதிக்குள், எந்த அதிகாரி பொறுப்பு என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதி, தாசில்தாரும் இன்ஸ்பெக்டரும் துறை அதிகாரியும் நீங்களும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை வாங்கிக்கொண்டுதான் எழுந்திருக்கவேண்டும். "நாளைக்கு டைப் பண்ணித் தர்றோம்" என்றால் கையால் எழுதச் சொல்லுங்கள், நீங்கள் காத்திருங்கள். ஆயிரம் பேர் ரோட்டில் உட்கார்ந்து கிடைக்காதது அந்த ஒரு தாளில் கிடைக்கும். பேச்சுவார்த்தைக்கு ஒருவர் மட்டும் போகவே கூடாது, ஐந்து பேராவது போங்கள், அதில் இரண்டு பேர் பெண்களாக இருக்கட்டும்.

அப்படியும் உட்கார நேர்ந்தால் பள்ளிக்கூட நேரத்தை விட்டுவிடுங்கள், பரீட்சை நாளைக் காலண்டரில் பாருங்கள், ஆம்புலன்ஸுக்கு ஒரு பக்கம் திறந்தே இருக்கட்டும், அதற்கென்றே இரண்டு பையன்களை நிறுத்துங்கள். பஸ் கண்ணாடியில் ஒரு கல் பட்டாலும் பேச்சு அதைப் பற்றியதாக மாறிவிடும், முளைத்த நெல்லைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். வழக்கமாகக் கைது செய்து கல்யாண மண்டபத்தில் வைத்து சாயங்காலம் விட்டுவிடுவார்கள், ஆனால் வழக்குப் பதிவானால் பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் வேலைக்கும் எழுதுகிற பிள்ளைகளுக்கு அது தொல்லை. ஆகவே அப்படிப்பட்ட பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைக்காதீர்கள், அவர்களுக்கு வீடியோ, தண்ணீர், சாப்பாடு என்று வேறு வேலை கொடுங்கள். வக்கீல் நம்பரை எல்லோர் கையிலும் பேனாவால் எழுதிவிடுங்கள்.

சாப்பாட்டைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புக்காக நடந்தபோது, சோறு போடுகிறவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் உத்தரவு போட்டார். நம் ஜனங்கள் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி வழியில் மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். இன்றைக்கும் மத்தியானம் ஒரு மணிக்குப் புளிச்சோறு வந்துவிட்டால் கூட்டம் கலையாது.

ஓட்டு

தேர்தலுக்கு ஒரு வருடம் இருக்கும்போதே வாக்காளர் பட்டியலை எடுத்துத் தெருத் தெருவாக ஒப்பிடுங்கள். புதுப்பெயருக்குப் படிவம் 6, திருத்தம், முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. பதினெட்டு வயதுக்கு இப்போது ஜனவரி 1 மட்டும் கணக்கில்லை, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1-ஆம் தேதிகளும் உண்டு. 2025 கடைசியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் தமிழ்நாடு முழுவதும் வரைவுப் பட்டியலில் லட்சக்கணக்கான பெயர்கள் நீக்கப்பட்டன. திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போன டெல்டாப் பிள்ளைகள் பெயர் இருக்கிறதா என்று அவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான் பார்க்கவேண்டும். அடையாள அட்டை கையில் இருப்பதால் மட்டும் ஓட்டு இல்லை, பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். ஓட்டுப்பதிவு நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும் என்பது சட்டம், கம்பெனியில் கேட்கச் சொல்லுங்கள்.

கடைசி வருடத்தில் பூமி பூஜைகள் அடுத்தடுத்து நடக்கும். அடிக்கல் நட்ட இடத்திலேயே நிர்வாக அனுமதி எண்ணும் தேதியும் கேளுங்கள். எண் இல்லாத அடிக்கல்லை நோட்டின் இடது பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் நடத்தை விதி வந்துவிடும், புது வேலை எதுவும் அனுமதிக்க முடியாது, அதனால் உங்கள் அழுத்தம் எல்லாம் அதற்கு முன்னாலேயே இருக்கவேண்டும்.

வேட்பாளர்கள் ஓட்டுக் கேட்டு வரும்போது எல்லோரிடமும் ஒரே தாளை நீட்டுங்கள். எங்கள் தாளில் மூன்று கேள்விதான் இருந்தது. செய்வேன், செய்யமாட்டேன், என்று கட்டம் போட்டுக் கையெழுத்து. சிலர் போட்டார்கள், சிலர் போடவில்லை, போடாதவர் பெயருக்கு எதிரே போடவில்லை என்று எழுதி அப்படியே ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்கு வீடு கொடுத்தோம், யாருக்கு ஓட்டுப் போடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொத்து, கடன், வழக்கு விவரம் எல்லாம் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் இருக்கும், தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். மறுபடி நிற்கிறவர் என்றால் ஐந்து வருடத்துக்கு முந்தையதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆளைப் பார்ப்பதா, கட்சியைப் பார்ப்பதா என்று கேட்பார்கள். என் கருத்து இது: மதகு, கூரை, ரோடு, ஆஸ்பத்திரி என்றால் ஆளைப் பாருங்கள். சட்டம், திட்டம், எரிவாயுக் கிணறு என்றால் கட்சியைப் பாருங்கள், ஏனென்றால் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்த 1985-க்குப் பிறகு கொறடா உத்தரவை மீறி ஓட்டுப்போட்டால் எம்.எல்.ஏ. பதவியே போய்விடும், தனி ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அங்கே அவர் கட்சிக்குக் கட்டுப்பட்டவர். நோட்டா 2013-லிருந்து இருக்கிறது, ஆனால் எவ்வளவு நோட்டா விழுந்தாலும் அடுத்ததாக அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்துவிடுவார். கோபத்தைப் பதிவு செய்யலாம், எம்.எல்.ஏ.வை மாற்ற அது உதவாது. நடுவில் திரும்ப அழைக்கும் உரிமையும் நம் நாட்டில் எம்.எல்.ஏ. விஷயத்தில் கிடையாது. இராதாபுரத்தில் 2016-இல் வித்தியாசம் 49 ஓட்டு, தியாகராய நகரில் 2021-இல் 137. ஒரே ஒரு தெருவில் அவ்வளவு ஓட்டு இருக்கிறது.

பணம். இதைப் பேசாமல் இருக்கமுடியாது. 2016-இல் பணப் பட்டுவாடா காரணமாகத் தஞ்சாவூர்த் தொகுதித் தேர்தலையே தேர்தல் ஆணையம் நிறுத்தியது, நவம்பர் 19 அன்றுதான் ஓட்டுப்பதிவு நடந்தது. ஆறு மாதம் தஞ்சாவூருக்கு எம்.எல்.ஏ. இல்லை. கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். சி-விஜில் செயலியில் படம் எடுத்துப் போட்டால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் கணக்கு, 1950 என்ற எண்ணும் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் நடப்பது தெரியும். ராத்திரி பத்து மணிக்குக் கதவு தட்டுவார்கள், தட்டுகிறவர் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார், அவர் முகத்துக்காகவே பலர் வாங்கிவிடுகிறார்கள், சில இடத்தில் விளக்கில் கை வைத்துச் சத்தியமும் வாங்குகிறார்கள். வயதான அம்மாக்கள் அந்தச் சத்தியத்துக்குப் பயப்படுகிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லுங்கள்: குற்றம் செய்யச் சொல்லி வாங்கிய சத்தியம் யாரையும் கட்டாது, மிஷினில் நீங்கள் அழுத்தியது ஒருவருக்கும் தெரியாது, ஒப்புகைச் சீட்டு ஏழு நொடி உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுந்துவிடும். எங்கள் ஊரில் மகளிர் குழு அக்காக்கள் கூடி, தெருவுக்குள் கவர் வந்தால் எல்லாக் கதவும் சாத்தியே இருக்கும் என்று முடிவெடுத்தார்கள். எல்லா வீடும் கடைப்பிடித்தது என்று சொல்லமாட்டேன், முக்கால்வாசி வீடு கடைப்பிடித்தது.

உங்கள் ஓட்டை வேறு யாராவது போட்டிருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். டெண்டர் ஓட்டு என்று ஒன்று இருக்கிறது, வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் கேட்டு, வாக்குச்சீட்டில் போட்டுவிட்டு வாருங்கள்.

முடிவு வந்த பிறகு

பூத் வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்பது படிவம் 20-இல் வெளியாகும். ஜெயித்தவரும் தோற்றவரும் முதலில் பார்ப்பது அதைத்தான். நீங்களும் எடுத்து நோட்டில் ஒட்டுங்கள். உங்கள் பூத்தில் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்ற எண்ணைத் தெரிந்துகொண்டு பேசுகிற ஊருக்கு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் நாற்காலி போடுவார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஜெயித்தவர் நன்றி சொல்ல வருவார். அந்த வண்டி நிற்கிற இடத்தில் புது நோட்டின் முதல் பக்கத்தோடு நில்லுங்கள், அவர் கையெழுத்துப் போட்ட தாளின் நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாலை போடுகிறவர்கள் போட்டு முடிக்கட்டும். பிறகு, "ஐயா, மொத மானியக் கோரிக்கையில இந்தக் கேள்வியக் கேளுங்க" என்று அந்த ஒரு பக்கத்தைக் கொடுங்கள்.

எங்கள் நிலையத்துக்குக் கூரை போன தை மாதம் வந்துவிட்டது. தகர ஷெட், முப்பது அடிக்கு அறுபது அடி, நிர்வாக அனுமதி எண் பலகையில் எழுதியிருக்கிறது. கூடவே சொன்ன சிமெண்ட் சாலை இன்னும் வரவில்லை. நோட்டில் அந்த வரிக்கு எதிரே வலது பக்கம் காலியாக இருக்கிறது, அடுத்த குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனு எழுதியாகிவிட்டது.